என்ன வளர்க்கலாம்? முதன்முறையாகப் பிராணி வளர்க்கப் போகிறவர்களுக்கு

இரண்டு வருடம் முன்பு ஒரு சனிக்கிழமை மாலை, சென்னைக்குத் தெற்கே ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போயிருந்தேன். கதவு திறந்ததும் ஒரு வயது லேப்ரடார் ஓடிவந்து, கவ்விக்கொண்டிருந்த செருப்பை என் காலடியில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தது. சோபாவின் ஒரு பக்கம் முழுக்கப் பஞ்சு வெளியே தள்ளியிருந்தது. பாத்ரூம் கதவின் கீழ்ப்பகுதி பிறாண்டலில் நார் நாராக உரிந்திருந்தது. கணவன் மனைவி இருவருக்கும் ஐ.டி. வேலை. காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப இரவு எட்டாகிவிடும். "நல்ல பையன் சார், எங்களாலதான் முடியல" என்று கணவர் சொல்லும்போதே அவருக்குக் குரல் அடைத்துவிட்டது.

பேசிக்கொண்டிருந்தபோது விஷயம் புரிந்தது. அவர் சின்ன வயதில் ஊரில் லேப்ரடாரோடு வளர்ந்தவர். அந்த வீட்டில் முற்றம் இருந்தது, பின்னால் தோட்டம் இருந்தது, பகலெல்லாம் தாத்தா பாட்டி இருந்தார்கள். ஒருநாள்கூட அந்த வீடு பூட்டிக் கிடந்ததில்லை. அந்த நாட்களைத் திரும்பக் கொண்டுவர நினைத்து நாய் வாங்கியிருக்கிறார். ஆனால் இப்போது அவர் வாழ்கிற நாள் வேறு. வேலை முடிந்து வந்ததும் அவருக்கு வேண்டியிருந்தது அமைதி. பன்னிரண்டு மணி நேரம் தனியாக இருந்த நாய்க்கு வேண்டியிருந்தது ஓட்டமும் ஆட்டமும்.

வளர்க்க முடியாமல் விடப்படும் பிராணிகளுக்கு வேறு வீடு பார்த்துத் தரும் வேலையை மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் செய்துவருகிறேன். கைமாறி வருபவற்றில் முரட்டுப் பிராணி மிகக் குறைவு. கொடுமைக்கார மனிதர்கள் அதைவிடக் குறைவு. நல்ல மனிதர், நல்ல பிராணி, பொருந்தாத ஜோடி. பெரும்பாலும் இதுதான் கதை. இதை வாங்குவதற்கு முன்பே தவிர்க்க முடியும். அதற்கான வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் செவ்வாய்க்கிழமையை எழுதுங்கள்

"எனக்கு நாய் பிடிக்குமா, பூனை பிடிக்குமா" என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். ஒரு தாளை எடுத்து, போன செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எப்போது வீட்டை விட்டுக் கிளம்பினீர்கள், எப்போது வந்தீர்கள், வந்த பிறகு உடம்பில் எவ்வளவு தெம்பு இருந்தது என்று எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமையை எழுதாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோருமே நாய் வளர்க்கக்கூடியவர்கள்தான்.

அந்தத் தாளில் இரண்டு எண்களைப் பாருங்கள். வீடு ஆளில்லாமல் தொடர்ச்சியாக எத்தனை மணி நேரம் பூட்டிக்கிடக்கிறது? வேறு எந்த வேலையையும் இடிக்காமல் உங்களால் ஒதுக்கக்கூடிய நேரம் எவ்வளவு? வீடு ஆறு மணி நேரத்துக்கு மேல் பூட்டிக்கிடக்கும் என்றால் நாய்க்குட்டி வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. நாய் கூட்டமாக வாழும் பிராணி. தனிமை அதற்குத் தண்டனை. மூன்று மாதக் குட்டியால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்கவும் முடியாது.

அடுத்து வரப்போகும் வருடங்களையும் கொஞ்சம் பாருங்கள். நாய்க்குப் பத்து முதல் பதிமூன்று வருடம். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை பதினைந்தைத் தாண்டுவது சாதாரணம். திருமணம், பிரசவம், வேலை மாறுதல், வெளிநாடு, பிள்ளையின் பொதுத்தேர்வு எல்லாம் அதற்குள் வந்துவிடும். தொடர்ந்து வீடு மாறும் வயதில் இருக்கிறீர்கள் என்றால் அதையும் தாளில் எழுதிவையுங்கள்.

இரண்டாம் படி: உங்கள் சுபாவத்தை உள்ளபடி எழுதுங்கள்

வந்து கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வேலை முடிந்து கதவைத் திறந்ததும் உங்களை யாராவது ஓடிவந்து வரவேற்க வேண்டுமா, இல்லை அரை மணி நேரம் யாரும் பேசாமல் விட்டால் தேவலையா?" ஓடிவந்து மேலே விழுந்தால் சந்தோஷப்படுபவர் நாயோடு நன்றாக வாழ்வார். அந்த அரை மணி நேர மௌனம் வேண்டும் என்பவருக்குப் பூனை பொருந்தும். பூனையும் அன்பு வைக்கும், ஆனால் தன் நேரத்தில் வந்து வைக்கும்.

தொட்டுக் கொஞ்சினால்தான் மனம் நிறையுமா, பார்த்துக்கொண்டிருந்தாலே போதுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மாலையில் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு அங்கேயே பத்து நிமிடம் நின்று பார்ப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மீன் தொட்டியும் குருவிக் கூண்டும் தருகிற நிறைவை நாய் தராது. தூக்கி மடியில் வைத்தே ஆக வேண்டும் என்பவர்கள் மீன் வாங்கினால் இரண்டே மாதத்தில் தொட்டி பாசி பிடித்துவிடும்.

அழுக்கை எவ்வளவு தாங்குவீர்கள்? தினம் இரண்டு முறை வீடு துடைத்து, தலையணை உறையில் ஒரு முடி இருந்தால் தூக்கம் வராதவர் என்றால், அதற்காக வெட்கப்பட வேண்டாம். உதிரும் முடியோடு வாழ்வது உங்களுக்குத் தினசரி வேதனையாகிவிடும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். கோபம் எப்படி? பால் தம்ளரைத் தட்டிவிட்டால் அடுத்த நிமிடம் மறந்துவிடுவீர்களா, மாலை வரை மனதில் வைத்திருப்பீர்களா? குட்டிப் பிராணி முதல் மூன்று மாதம் தினமும் எதையாவது தட்டிவிடும். சட்டென்று கோபம் வருகிறவர்களுக்கு, சேட்டை அடங்கிய, நான்கு வயதுக்கு மேற்பட்ட நாயோ பூனையோ நன்றாகப் பொருந்துவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இவற்றை நீங்களே எழுதியபின், கூட வாழ்பவரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். நம் சுபாவம் நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாம் படி: வீடு எதற்கு இடம் கொடுக்கும்?

வாடகை வீடு என்றால் முதலில் ஹவுஸ் ஓனரிடம் பேசி, ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதி வாங்குங்கள். குடியிருப்போர் சங்கம் ஒட்டுமொத்தமாகப் பிராணிகளுக்குத் தடை போட முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் தன் வழிகாட்டுதல்களில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் பக்கத்து வீட்டாரோடு சண்டை போட்டுக்கொண்டு பிராணி வளர்ப்பது அந்தப் பிராணிக்கும் நல்லதல்ல.

அடுத்தது சாப்பாடு. நம் ஊரில் இதைப் பேசியே ஆக வேண்டும். சைவ வீட்டில் பூனை வளர்க்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பூனை மாமிசம் தின்றே ஆக வேண்டிய உடம்பு. டாரின் என்ற சத்து அதற்கு உணவிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது மாமிசத்தில்தான் இயற்கையாக இருக்கிறது. அது குறைந்தால் பார்வை போகும், இதயம் வீங்கும். தயிர்சாதமும் பாலும் மட்டும் தின்று வளர்கிற பூனை பார்க்க நன்றாக இருப்பதுபோலத்தான் இருக்கும், உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும். கடையில் விற்கும் பூனை உணவுப் பையைத் திறக்கவே மனம் ஒப்பவில்லை என்றால் பூனை வேண்டாம். நாயின் உடம்பு இந்த விஷயத்தில் கொஞ்சம் நெகிழ்வானது. டாக்டரிடம் கேட்டுத் திட்டம் போட்டால் முட்டை, பனீர், பருப்பு என்று சமாளிக்க வழி உண்டு. முயலும் கினிப் பன்றியும் முழுச் சைவம்.

ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர் வீட்டில் இருந்தால், பூனையோ நாயோ இருக்கும் வீட்டில் இரண்டு மூன்று முறை போய் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டு வரட்டும். அலர்ஜி பெரும்பாலும் எச்சிலிலும் தோலிலும் உள்ள புரதத்தால் வருவது. அதனால் முடி குறைவான இனம் என்று கடைக்காரர் சொல்வதை நம்பி வாங்காதீர்கள்.

வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் கயிற்றை இழுக்கிற பெரிய நாய் வேண்டாம். ஒரே ஒரு இழுப்பில் இடுப்பு எலும்பு முறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான்காம் படி: பிராணியின் சுபாவத்தையும் எழுதுங்கள்

உங்களுக்கு எப்படி ஒரு தாள் இருக்கிறதோ, அதே மாதிரி பிராணிக்கும் ஒன்று போட வேண்டும்.

நாயிலிருந்து தொடங்கலாம். தவறு அதிகம் நடப்பது இங்கேதான். இனம் என்பது அழகுக்காக வந்த பெயர் அல்ல. அந்த நாயின் முன்னோர் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை அதற்குள் இருக்கிறது. லேப்ரடார், வேட்டையில் விழுந்த பறவையைக் கவ்விக் கொண்டுவந்து கொடுத்த இனம். அதனால்தான் அந்தப் பையன் வாயில் எப்போதும் செருப்பு. அதற்கு மூன்று வயதுவரை தினம் ஒன்றரை மணி நேரமாவது ஓட்டமும் விளையாட்டும் வேண்டும். சைபீரியன் ஹஸ்கி பனியில் வண்டி இழுக்கப் பிறந்தது. இரட்டை அடுக்கு முடியோடு நம் ஊர் மே மாதத்தில் அது படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது. பக் மாதிரி சப்பை மூக்கு நாய்கள் வெயிலில் மூச்சு வாங்கவே திணறும். தயவுசெய்து இந்த ஊரில் இவற்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

நம் ஊர் நாய்களுக்கு வருவோம். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்தி முயல் பிடிக்கும் நாய்கள். ஒல்லியான உடம்பு, நீண்ட கால். வீட்டுக்குள் இவை இவ்வளவு அமைதியா என்று ஆச்சரியப்படுவீர்கள். ஆனால் தினம் ஒருமுறையாவது சுற்றுச்சுவர் உள்ள திறந்த இடத்தில் முழு வேகத்தில் ஓடவிட வேண்டும். கோழியோ பூனையோ ஓடினால் துரத்தாமல் இருக்காது. அதிகாலையில் மைதானத்துக்கு ஓடப் போகிறவர், அதிகம் பேசாதவர், பொறுமைசாலி என்றால் இவை நல்ல துணை. ராஜபாளையம் வெள்ளை வெளேரென்று கம்பீரமான நாய். 2005ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை போட்டுக் கௌரவித்த நான்கு நாய் இனங்களில் ஒன்று. வீட்டாருக்காக உயிரையும் விடும், புதியவரை எளிதில் நம்பாது. தினமும் டெலிவரிக்காரர், விருந்தாளி, டியூஷன் பிள்ளைகள் என்று ஆள் நடமாட்டம் உள்ள வீட்டில் அதற்கும் நிம்மதி இருக்காது, உங்களுக்கும் இருக்காது. இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் வருவதுண்டு. வாங்கும்போது பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். கோம்பை காவலுக்கென்றே பிறந்தது. முதல் நாயாக அதை எடுக்க வேண்டாம் என்பேன்.

பெயரில்லாத தெருநாய்க் குட்டியைப் பற்றி நான் கொஞ்சம் பாரபட்சமாகவே பேசுவேன். குட்டை முடி, நம் வெயிலுக்குப் பழகிய உடம்பு, கூர்மையான புத்தி. மருத்துவச் செலவும் பொதுவாகக் குறைவு. முதல்முறை வளர்ப்பவருக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் பார்த்ததில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: புத்திசாலி நாய் சும்மா இருக்காது, தினம் ஏதாவது கற்றுக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பூனை. பகலில் நீங்கள் வேலைக்குப் போயிருக்கும்போது தூங்கும். விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் சுறுசுறுப்பாகும். காலை நான்கரைக்கு உங்கள் கால் கட்டைவிரலை வேட்டையாடும். தூக்கம் கெட்டால் நாள் முழுக்க எரிச்சல் வருகிறவர்கள் இதை யோசியுங்கள். குறைந்த இடம் போதும். அகலத்தைவிட உயரம் அதற்கு முக்கியம். பீரோ மேல் ஏற ஒரு வழி செய்துகொடுத்தால் சின்ன வீடும் பெரிய வீடாகிவிடும். பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை அடிக்காமல் மாடி வீட்டில் பூனை வளர்க்காதீர்கள். விழாது என்று நினைப்பீர்கள், புறா ஒன்று வந்து உட்கார்ந்தால் போதும். வேலைக்குப் போகிறவர்களுக்கு என் யோசனை, ஒன்றாகவே பிறந்த இரண்டு நாட்டுப் பூனைக்குட்டிகள். ஒன்றோடு ஒன்று விளையாடிக்கொள்ளும். பெர்ஷியனுக்குத் தினமும் சீவ வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் ஆசைப்பட வேண்டாம்.

மீன் வளர்ப்பது ஒழுங்கும் பொறுமையும் உள்ளவர்களின் வேலை. மோட்டாரைப் பிரித்துத் திரும்ப மாட்டுவதில் சந்தோஷப்படுகிறவர்களுக்கு மிகவும் பொருந்தும். சென்னைக்காரர்கள் கொளத்தூருக்குப் போய், பாலித்தீன் பையில் மீனும் கையில் தொட்டியுமாக ஒரே நாளில் திரும்பி வருகிறார்கள். ஐந்தாம் நாள் மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அடுத்த நாள் மிதக்கும். காரணம் இதுதான்: மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நுண்ணுயிர்கள் ஃபில்டரில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதனால் முதலில் தொட்டியை வாங்கி, தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, அந்த நுண்ணுயிர்களுக்கு இரையாக நாளுக்கு ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டுக் காத்திருங்கள். மாதம் முடிந்ததும், கடையில் விற்கும் சோதனைத் திரவங்களில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியம் என்று காட்டியபின், மீனை வாங்குங்கள். அதுவும் இரண்டு மூன்றாக. அந்தக் காத்திருப்பு உங்களால் முடிகிறதா என்பதே நல்ல சோதனை. சின்னக் கண்ணாடிக் கிண்ணம் வேண்டாம். நாற்பது ஐம்பது லிட்டர் தொட்டியில் தண்ணீர் சட்டென்று கெடாது. ஒரே ஒரு மீன் போதும் என்றால் ஃபைட்டர் மீன். மேலே வந்து காற்றையே சுவாசிக்கும், ஆனால் இரண்டு ஆணை ஒன்றாக விட்டால் அடித்துக்கொண்டு செத்துவிடும்.

பறவை. கிளி ஆசையோடு வருபவர்களிடம் முதலில் சட்டத்தைத்தான் சொல்கிறேன். நம் ஊர்ப் பச்சைக்கிளி, மைனா, சில்லைக் குருவி, நட்சத்திர ஆமை எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. விற்பதும் வாங்குவதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். சந்தையில் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். கூட்டிலிருந்து திருடி வந்த குஞ்சுகள் அவை. கிளியை நேசிப்பவர் என்றால் மொட்டை மாடியில் அரிசியும் தண்ணீரும் வையுங்கள். ராயப்பேட்டையில் கேமரா பழுது பார்க்கும் ஒருவர் வருடக்கணக்காக அப்படி வைத்துவந்தார். ஆயிரக்கணக்கான பச்சைக்கிளிகள் அவர் மாடிக்கு வந்து தின்றுவிட்டுப் போயின.

கூண்டில் வளர்க்கலாம் என்றால், நாம் லவ் பேர்ட்ஸ் என்று கூப்பிடுகிற ஆஸ்திரேலியச் சிறு கிளிகளும் காக்டெயில் கிளியும் இருக்கின்றன. விடியலிலிருந்து கீச்கீச் என்று சத்தம் இருந்துகொண்டே இருக்கும். சிலருக்கு அது வீட்டின் உயிரோட்டம், சிலருக்குத் தலைவலி. பறவைக் கடையில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், நீங்கள் எந்த வகை என்று தெரிந்துவிடும். ஜோடியாகவே வளர்க்க வேண்டும். வெளியே விடும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். நான்ஸ்டிக் கடாயை அளவுக்கு மேல் சூடாக்கினால் வரும் புகை பறவையை நிமிடங்களில் கொன்றுவிடும், அதனால் சமையலறைக்குப் பக்கத்தில் கூண்டு வேண்டாம். காக்டெயில் பதினைந்து வருடத்துக்கு மேல் வாழும். மக்காவ், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டுப் பெரிய கிளிகளுக்கு வனத்துறைப் பதிவு வேண்டும்.

முயல் குழந்தைகளுக்கு ஏற்றது என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். அது வேட்டையாடப்படும் இனம். தூக்கினாலே கழுகு தூக்குகிறது என்றுதான் அதன் உடம்பு நினைக்கும். உதறி உதைத்ததில் தன் முதுகெலும்பையே முறித்துக்கொண்ட முயல்கள் உண்டு. தரையில் உட்கார்ந்து, அது தானாக வந்து முழங்காலை முகரும்வரை காத்திருக்கக்கூடியவருக்கே முயல். தீவனத்தில் பெரும்பங்கு காய்ந்த புல்லாக இருக்க வேண்டும், பல் வளர்ந்துகொண்டே இருக்கும். வெயில் ஆகாது. ஆணும் பெண்ணும் சேர்த்து வைத்தால் ஒரே மாதத்தில் குட்டி.

ஐந்து ரூபாய் நாணயம் அளவில் விற்கும் சிவப்புக் காது ஆமைக்குட்டி சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும், முப்பது வருடம் வாழும். ஏரியில் கொண்டுபோய் விட்டால் நம் ஊர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும். வாங்காமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

ஐந்தாம் படி: ஒரு வாரம் ஒத்திகை

இரண்டு தாளும் பொருந்திவிட்டன என்று தோன்றும்போதும் உடனே போய் வாங்காதீர்கள். நாய் என்று முடிவெடுத்திருந்தால், ஏழு நாள் தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து, கையில் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். மாலையிலும் அப்படியே. மழை பெய்தாலும் போக வேண்டும், தலைவலித்தாலும் போக வேண்டும். சாப்பாடு வைக்கும் நேரத்தைப் போனில் அலாரம் வைத்து, அந்த நேரத்தில் எழுந்து ஒரு தட்டைக் கழுவி வையுங்கள். அதே வாரத்தில் உணவு, தடுப்பூசி, கருத்தடை, ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகும் செலவு, எதிர்பாராத வைத்தியம் என்று கணக்குப் போட்டு, மாதத் தவணையைத் தனியாக எடுத்து ஒரு டப்பாவில் போடுங்கள்.

யாரோ பார்ப்பார்களே என்று வெறுங்கயிற்றோடு நடக்கக் கூச்சமாக இருக்கும். பரவாயில்லை. என்னிடம் வந்தவர்களில் ஒத்திகை பார்த்தவர் யாரும் பிராணியைத் திருப்பிக் கொடுத்ததில்லை. நான்காம் நாளே "எனக்கு இது வேண்டாம்" என்று போன் செய்தவர்கள் உண்டு. அவர்கள் மேல் எனக்கு மரியாதை அதிகம்.

முடிந்தால் தற்காலிகப் பராமரிப்பில் ஒரு பிராணியை வைத்துப் பாருங்கள். காப்பகங்களில் இதற்கு எப்போதும் ஆள் தேவை.

ஆறாம் படி: இந்தப் பிராணியா, அந்தப் பிராணியா?

இனம் முடிவான பிறகுதான் தனிப்பட்ட அந்த உயிரைப் பார்க்க வேண்டும். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகள் வானத்துக்கும் பூமிக்கும் வேறுபடும். ஆனால் எட்டு வாரக் குட்டியைப் பார்த்து அதன் பிற்காலக் குணத்தைச் சொல்வது கடினம். வளர்ந்த பிராணியிடம் குணம் கண்முன்னே இருக்கும். முதல்முறை வளர்ப்பவர்களுக்கு வளர்ந்ததையே நான் முன்வைப்பதற்கு இதுதான் காரணம்.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் பொமரேனியன் குட்டி கேட்டு வந்தார். தனியாக இருக்கிறார், முழங்கால் வலி, மாலையில் வெகுநேரம் படிப்பார். அவருடைய தாளைப் பார்த்துவிட்டு, ஏழு வயதுச் சாம்பல் நிறப் பூனை ஒன்றைக் காட்டினேன். வளர்த்தவர் வெளிநாடு போனதால் வந்த பூனை. அவருக்கு முதலில் விருப்பமே இல்லை. "சும்மா உட்காருங்கம்மா, கூப்பிட வேண்டாம்" என்றேன். அவர் கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். இருபது நிமிடம் கழித்து அது கட்டிலுக்கு அடியிலிருந்து வந்து, அவர் புடவைத் தலைப்பை முகர்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி, பாதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. அவர் காலை அசைக்கவே இல்லை. அப்படியே குனிந்து என்னைப் பார்த்து, "இது என்ன சாப்பிடும்?" என்று கேட்டார்.

நீங்களும் இப்படித்தான் பார்க்க வேண்டும். போனவுடன் தூக்காதீர்கள். தரையில், பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். பூனை கண்ணை மெதுவாக மூடித் திறந்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். நாய் என்றால், நீங்கள் நடக்கும்போது கூட வருகிறதா, தட்டு கீழே விழுந்த சத்தத்துக்குப் பயந்தால் எவ்வளவு நேரத்தில் மீள்கிறது, தின்னும்போது பக்கத்தில் போனால் உறுமுகிறதா என்று கவனியுங்கள். மூன்று வெவ்வேறு நாள், மூன்று நேரத்தில் போய்ப் பாருங்கள். வீட்டில் உள்ள எல்லோரும் ஒருமுறையாவது வர வேண்டும்.

தத்தெடுக்கச் சென்னையில் ப்ளூ கிராஸ் இருக்கிறது. 1959ல் கேப்டன் சுந்தரம் தொடங்கியது. மற்ற ஊர்களிலும் சின்னச் சின்னக் காப்பகங்கள் உண்டு. விலைக்கு வாங்குவதென்றால் தாய் நாயை நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பது, நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017ஆம் ஆண்டு விதிகளின்படி தவறு. சீக்கிரம் தாயிடமிருந்து பிரித்த குட்டி, விளையாட்டில் எவ்வளவு மெதுவாகக் கடிக்க வேண்டும் என்பதைக் கற்றிருக்காது.

ஏழாம் படி: வீட்டுக்கு வருவதற்கு முன்

கால்நடை மருத்துவரை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். சென்னையில் வேப்பேரியில் 1903ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது; மற்ற ஊர்களில் அரசுக் கால்நடை மருந்தகம் எங்கே என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நாய்க்குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசி தொடங்கும், மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. தடுப்பூசி முடியும்வரை தெருவில் இறக்க வேண்டாம். சென்னை மாநகராட்சிப் பகுதியில் உரிமம் எடுக்க வேண்டும். விளையாட்டில் பல் பட்டால்கூட, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். "நம்ம வீட்டு நாய்தானே" என்று விட்டுவிடாதீர்கள்.

சாக்லேட், திராட்சை, வெங்காயம் நாய்க்கு விஷம். லில்லிச் செடி பூனைக்கு விஷம். வெயில் காலத்தில் நாயை நடத்திக் கூட்டிப்போகும் முன் தார் ரோட்டில் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

முதல் இரவு

வெள்ளிக்கிழமை மாலை கூட்டிவாருங்கள், இரண்டு நாள் கூட இருக்கலாம். உறவினர்களைக் கூப்பிட வேண்டாம். முழு வீட்டையும் காட்டாமல், ஒரே ஒரு அறையைக் கொடுங்கள். அது முன்பு படுத்திருந்த துணி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, நீங்கள் ஒருநாள் போட்ட பழைய சட்டையையும் சேர்த்து மூலையில் விரியுங்கள். சாப்பிடவில்லை என்றால் முதல் நாள் கட்டாயப்படுத்தாதீர்கள். பூனை மட்டும் அடுத்த நாள் மாலைவரை வாயே வைக்கவில்லை என்றால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். வெறும் வயிறு அதன் ஈரலைக் கெடுக்கும். பூனை பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் இழுக்காதீர்கள். தண்ணீரையும், அது கழிக்க மண் நிரப்பிய தட்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு, அதே அறையில் உங்கள் வேலையைப் பாருங்கள். நாய்க்குட்டி இரவில் அழுதால் பக்கத்தில் பாய் போட்டுப் படுங்கள், கையை அதன் பக்கம் நீட்டிவைத்தால் போதும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து, தெருவில் இறக்காமல், சிறுநீர் கழிக்கக் கூட்டிப்போங்கள். அந்தப் பழைய சட்டையையும் துணியையும் மட்டும் ஒரு வாரத்துக்குத் துவைக்காதீர்கள்.